பதினோராவது சுற்று

எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, பழைய கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பிச்சுருள், அதாவது காயில், கட்டுவது. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கிணறுகளில் ஓடுகிற மோட்டாரில் பாதி என் கை பட்டதாகத்தான் இருக்கும். இந்த வேலையில் எண்ணிக்கைதான் எல்லாம். ஒரு காயிலுக்கு இத்தனை டர்ன், அதாவது இத்தனை சுற்று, என்றால் அத்தனைதான். குறைத்துக் கட்டினாலும் மோட்டார் ஓடும். ஓடுகிற மாதிரி ஓடி, கோடையில் தண்ணீர் தேவைப்படுகிற அன்றைக்குப் புகைந்துவிடும். அதனால் காயில் சுற்றும்போது நான் வாய் திறக்க மாட்டேன். அந்த நேரம் பார்த்து எவனாவது வந்து ஊர்க்கதை பேசினால் கையில் இருப்பது அவன் பக்கம் பறக்கும். என் கோபம் ஊரில் பிரசித்தம்.

அப்படிப்பட்டவன் ஒரே ஒரு தடவை எண்ணிக்கையில் தெரிந்தே பொய் சொன்னேன். அதுவும் என் மனைவியிடம். அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உண்மையில் அவளைப் பற்றிச் சொல்வதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

அவள் ஒரு அரசுப் பள்ளியில் சத்துணவுச் சமையலர். ஐம்பதை நெருங்குகிறாள். உயரம் என் தோளுக்கு வருவாள். ஆனால் வெந்த சோற்று அண்டாவை அடுப்பிலிருந்து இறக்க அவள் யாரையும் கூப்பிட்டதில்லை. இரண்டு பக்கமும் துணி கொடுத்துப் பிடித்து, "தாயே" என்று ஒரு குரல். அண்டா கீழே இருக்கும். ஒருநாள் அந்தப் பக்கம் மோட்டார் பார்க்கப் போனபோது நானே பார்த்தேன். அம்மன் வந்து மறுபக்கம் ஒரு கை பிடிக்கிறாளோ என்று கேலி செய்தேன். உங்களுக்குப் பிடிக்க ஆளில்லையே என்று பொறாமையா என்று கேட்டாள். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டு சிரித்தார்கள்.

போன ஐப்பசியில் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுவிட்டு என் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். கடையில் ஒருவர் காத்திருக்கிறார் என்று போன் மேல் போன். மெதுவாகப் போங்கள் என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொன்னால் நான் எரிந்து விழுவேன் என்று தெரியும், அதனால் சொல்லவில்லை. கோடு அடிக்காத வேகத்தடை ஒன்று. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு வலது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது.

திருநெல்வேலியில் ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். ராயகிரியில் கட்டிக்கொடுத்த மகள் வந்து மூன்று வாரம் இருந்து பார்த்துவிட்டுப் போனாள். இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரே பார்த்த டாக்டர், எலும்பு அழகாகக் கூடிவருகிறது, இனி காலை ஊன்றி நடக்கலாம் என்றார். எலும்பு கூடியதே தவிர அவள் நடக்கவில்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பாள், இடது காலை வைப்பாள், வலது காலை வைக்கிற நேரத்தில் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும். தொடை சூம்பி, என் கைக்குள் அடங்குகிற அளவுக்கு வந்துவிட்டது. தெருவில் ஒரு பைக் சத்தம் கேட்டால் போதும், உட்கார்ந்துவிடுவாள். அந்தக் காலைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு என் கையை ஆக்ஸிலேட்டரோடு வெட்டிப் போட்டால் என்ன என்று தோன்றும். அதை அவளிடம் சொல்லத் தெரியாது. பதிலாக, மாத்திரை போட்டாயா என்று கத்துவேன்.

பிசியோதெரபி பார்க்க ஒரு பெண் வந்தார். கடையநல்லூர்க்காரர். முப்பத்தைந்து வயது இருக்கும். தினமும் பஸ்ஸில் வந்து எங்கள் ஊரில் ஒரு சின்ன கிளினிக்கில் வேலை பார்க்கிறவர். போகிற வழியில் வாரம் மூன்று நாள் எங்கள் வீட்டுக்கும் வருவதாக ஏற்பாடு. என் மனைவி அவரை டாக்டரம்மா என்பாள். அவர் இவளை அக்கா என்பார், என்னை அண்ணாச்சி என்பார்.

முதல் நாள் அவர் காலைத் தொடவே இல்லை. இவளைப் படுக்கச் சொல்லி, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மூச்சு விடச் சொன்னார். மூச்சை இழுத்தால் கை மேலே வர வேண்டும், விட்டால் கீழே போக வேண்டும், இழுப்பதைவிட விடுவது நிதானமாக இருக்க வேண்டும். அரை மணி நேரம் இதுதான் நடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. முறிந்தது காலா நுரையீரலா என்று கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அண்ணாச்சி, ஸ்டார்ட்டர் ட்ரிப் ஆயிக்கிட்டே இருந்தா நீங்க மோட்டாரைப் போட்டு அடிப்பியளா? அக்கா பயத்துல மூச்சைப் பிடிச்சிக்கிடுதாங்க. மூச்சு நின்னா சதை இறுகிரும். இறுகின சதை எப்படிக் காலைத் தூக்கும்?"

என் தொழிலை வைத்தே என்னை மடக்கிய முதல் ஆள் அவர்தான். நான் கடைக்குப் போய்விட்டேன்.

பிறகு வந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, மூச்சை விடும்போதெல்லாம் அதை அழுத்த வேண்டும். பார்க்கிறவனுக்கு அவள் சும்மா படுத்திருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் நெற்றியில் வியர்வை பூத்திருக்கும். பிறகு நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருப்பது. அதற்குப் பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. ஒவ்வொன்றையும் அவள் குக்கர் விசிலை வைத்துச் செய்வாள். ஒரு விசிலுக்கும் அடுத்த விசிலுக்கும் நடுவில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. நேற்றைவிட ஒன்று கூடினால் என்னிடம் சொல்ல மாட்டாள், டாக்டரம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சாப்பாட்டுக்கும் அந்தப் பெண் ஒரு ஒழுங்கு சொல்லியிருந்தார். காலையில் உளுந்தங்களி, தினமும் முட்டை, முளைகட்டின பயறு, முருங்கைக்கீரை. ஊருக்கே சமைத்துப் போட்டவள் தன் தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்கத் தொடங்கியது அப்போதுதான். இத்தனை வருஷம் எல்லோருக்கும் போட்டது போக மிஞ்சியதைத்தான் சாப்பிட்டிருக்கிறாள் என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

பைக் சத்தத்துக்கும் அவர் ஒரு வழி செய்தார். பயத்தை விட்டு ஓடக் கூடாது, அது வரும்போது நின்று மூச்சை விட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அதனால் தினமும் சாயங்காலம் அவள் வாசலில் கம்பியைப் பிடித்து நிற்பாள். நான் தெருவில் பைக்கை ஸ்டார்ட் செய்து, திருகி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்வேன். அவள் கண்ணை மூடி மூச்சை விட்டுக்கொண்டு நிற்பாள். தினம் இதையே பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் நல்ல மெக்கானிக் ஒருவரின் நம்பரை எழுதிக்கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குத்தான் அவள் விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது கம்பியை விட்டுவிட்டாள். இரண்டு காலில் நின்றாள். அதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஒருநாள் டாக்டரம்மா கேட்டார், உங்கள் உடம்புக்கு ரொம்பப் பிடித்த காரியம் எது என்று. இவள் யோசிக்கவே இல்லை. ஆடிச்சுற்று என்றாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால், நேர்ந்துகொண்டவர்கள் கோயிலைச் சுற்றி நூற்றொன்று, நூற்றெட்டு என்று சுற்று வருவார்கள். அம்மன் ஒற்றைக் காலில் நின்று தபசு செய்கிறாள், சுற்றுகிறவர்கள் அவள் கால்வலியில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்கிறார்கள் என்பது நம்பிக்கை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இவள் ஒரு வருஷமும் விட்டதில்லை. நான் ஒரு வருஷமும் சுற்றியதில்லை.

டாக்டரம்மாவுக்கு அது வேறு மதத்து விஷயம். ஆனாலும் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து விசாரித்தார். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம்? தரை கல்லா மண்ணா? செருப்பு போடலாமா? வெறுங்கால் என்றதும் பேனாவை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஆடிக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று கேட்டார். ஆறு. கடைசி மாதத்திலிருந்து பின்னோக்கி எழுதிக்கொண்டே வந்தார். அன்றையிலிருந்து பயிற்சியே மாறிவிட்டது. கால் விரலால் துண்டைச் சுருட்டுவது, மொட்டைமாடியில் வெறுங்காலோடு நடப்பது, நாலு அடிக்கு மூச்சை உள்ளே வாங்கி ஆறு அடிக்கு வெளியே விடுவது. முன்பு காலுக்காகச் செய்தாள். இப்போது ஆடிக்காகச் செய்தாள். வித்தியாசம் முகத்திலேயே தெரிந்தது.

இதற்கு நடுவில் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். கால் பலம் பெற வேண்டுமானால் பாரம் வேண்டும் என்று எனக்கு நானே முடிவு கட்டி, கடையிலிருந்து செம்புக் கம்பி உருளைகள் இரண்டைக் கொண்டுவந்து அவள் கணுக்காலில் கட்டி, தூக்கு என்றேன். என் வாய்க்குப் பயந்து அவளும் தூக்கினாள். இரண்டாம் நாள் முழங்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. இரண்டு வாரம் பின்னால் போனோம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது சும்மா சொன்னதில்லை. டாக்டரம்மா அந்த உருளைகளை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார்.

சித்திரை வாக்கில் குடம் தூக்கும் பாடம் வந்தது. கால் குடம், அரைக் குடம், முக்கால் குடம் என்று கூட்டிக்கொண்டு வந்தார்கள். தூக்குகிற அந்த நொடியில் மூச்சை வெளியே விட வேண்டும், அப்போதுதான் வயிறும் இடுப்பும் காலுக்கு முட்டுக்கொடுக்கும் என்று டாக்டரம்மா விளக்கினார். இவள் கேட்டுக்கொண்டே குனிந்தாள். "தாயே" என்றாள். குடம் இடுப்பில் இருந்தது.  இருபது வருஷமாக அவள் அண்டா இறக்கும்போது சொல்லிவந்த அந்த ஒற்றை வார்த்தையில் மூச்சு முழுக்க வெளியே போய்விடுகிறது. நான் படித்துத் தெரிந்துகொண்டதை நீங்கள் அடுப்படியிலேயே தெரிந்துவைத்திருக்கிறீர்களே என்று அவர் சொன்னபோது, நான் கல்யாணமான இத்தனை வருஷமும் அந்த வார்த்தையைக் கேலி செய்துகொண்டிருந்தவன், உள்ளே போய்க் காபி போட்டேன்.

ஆனி கடைசியில் பள்ளியிலிருந்து கேட்டு அனுப்பியிருந்தார்கள், எப்போது வருவீர்கள் என்று. அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் தன் முடிவைச் சொன்னாள்.

"நூத்தியெட்டுச் சுத்து முழுசா முடிச்சா வேலைக்குப் போறேன். முடியலைன்னா எழுதிக் குடுத்துருதேன். கொதிக்கிற அண்டாவைத் தூக்கிட்டு நிக்கையில கால் மடங்குச்சுன்னா, எதுக்க நிக்கிறது பிள்ளைக."

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அவள் மோர் ஊற்றிக்கொண்டு பேச்சை முடித்துவிட்டாள். அந்த வேலையை விட்டால் அவள் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும். லீவில் இருந்த மாதங்களிலும் பகல் பன்னிரண்டரை மணிக்கு அவள் கண் கடிகாரத்துக்குப் போகும். தட்டுச் சத்தம் கேட்கிற நேரம் அது.

கொடியேறிய மறுநாள் தொடங்கினோம். நாளுக்குப் பன்னிரண்டு சுற்று, ஒன்பது நாள், தபசுக்கு முந்தின நாளோடு நூற்றெட்டு. மற்றவர்கள் விரலில் எண்ணுவார்கள், சிலர் முந்தானையில் முடிந்த புளியங்கொட்டையில் எண்ணுவார்கள். இவளால் முடியாது. நாலு அடிக்கு உள்ளே, ஆறு அடிக்கு வெளியே என்று மனம் மூச்சோடு போய்விடுகிறது, சுற்று நினைவில் நிற்காது. அதனால் எண்ணுவது என் வேலை. எண்ணிக்கையில் உங்களை அடிக்க ஆள் கிடையாது என்று அவளே சொன்னாள். மூன்றரை மணிக்குக் கடையை அடைத்துவிட்டு வந்து சுற்றுப்பாதை மூலையில் ஒரு கல்லில் உட்காருவேன். சட்டைப்பையில் பன்னிரண்டு நட்டு. அவள் என்னைக் கடக்கும்போதெல்லாம் ஒன்றை எடுத்துக் கல்லில் வைத்து, எண்ணை வாய்விட்டுச் சொல்வேன். அவள் தலையாட்டிவிட்டுப் போவாள்.

ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்தது. இளம்பெண்கள் விறுவிறுவென்று அவளைத் தாண்டிப் போனார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வலது காலை லேசாக இழுத்து, ஆனால் தாளம் தப்பாமல், வந்துகொண்டே இருந்தாள். எட்டு ஒன்பதில் முகம் சுருங்கும். பத்தில் உதட்டைக் கடித்திருப்பாள். பதினொன்றிலும் பன்னிரண்டிலும் மட்டும் சிரித்தபடி வருவாள். முடியப்போகிற நிம்மதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆறு நாள் இப்படிப் போயிற்று. வழியில் நின்றவர்கள் சிலருக்கு விஷயம் தெரிந்து, அவள் வந்தால் ஒதுங்கி வழி விட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஏழாம் நாள் எட்டாவது சுற்றில் அவள் வந்தபோது கால் நன்றாகவே இழுத்தது. கண்ணில் தண்ணீர் நின்றது. சுவரில் ஒரு கணம் கையை ஊன்றிவிட்டு நடந்தாள். எனக்கு அந்த வேகத்தடையும், அவள் ரோட்டில் கிடந்த கிடையும் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன. இந்தக் காலை ஒடித்தவன் நான். நான் சட்டமாகக் கல்லில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன், அவள் வலியில் நடக்கிறாள். அடுத்த சுற்றில் அவள் வந்தபோது ஒன்பது என்று சொல்ல வேண்டியவன், ஒரு நட்டுக்குப் பதில் மூன்றை எடுத்து வைத்துவிட்டு, பதினொன்று என்றேன். அவள் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்ததோடு பன்னிரண்டு என்றேன். அன்றைக்கு அவள் நடந்தது பத்து.

அவள் சிரிக்கவில்லை. வலியோடு வீட்டுக்கு வந்து படுத்தாள். நல்லவேளை இரண்டைக் குறைத்தோம், முழுதும் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். எட்டாம் நாள் கையும் மனமும் பழகிவிட்டன. மூன்றைக் குறைத்தேன். அன்றைக்கும் அவள் சிரிக்கவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் நான் குளித்துவிட்டு வந்தபோது அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தினமும் அந்த நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்து நிற்பவள். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும்.

"நான் எழுதிக் குடுத்துருதேங்க. இன்னைக்குப் போயி பன்னெண்டு முடிச்சிருவேன், அது கெடக்கு. ஆனா கால் கெட்டுப்போச்சு. எனக்குத் தெரியுது."

என்ன ஆயிற்று என்றேன். அவள் சொன்னது இதுதான். ஒவ்வொரு நாளும் ஒன்பது பத்துச் சுற்றுக்கு வலி ஏறிக்கொண்டே போகும், பத்தாவதில் உயிர் போகும். பதினோராவது சுற்றில், தெற்குப் பக்கம் திரும்புகிற இடத்தில், யாரோ கட்டை அவிழ்த்துவிட்டது போல வலி அப்படியே கழன்றுவிடும். மூச்சு இறங்கும். பன்னிரண்டாவது சுற்றில் கால் பழைய காலாகிவிடும், அதுபாட்டுக்கு நடக்கும். அந்த ஒன்றரைச் சுற்றுக்காகத்தான் மற்றதையெல்லாம் நடந்தேன். முதல் ஆறு நாளும் அது தப்பாமல் வந்தது. அந்தக் காலைத்தான் நம்பினேன். இரண்டு நாளாக அது வரவில்லை. வலி ஏறின இடத்திலேயே நிற்கிறது. பதினொன்று என்று நீங்கள் சொல்கிறீர்கள், எனக்குள்ளே அவிழவில்லை. பன்னிரண்டு என்கிறீர்கள், அப்போதும் அவிழவில்லை. இத்தனை மாதம் செய்ததெல்லாம் போயிற்று.

சொல்லி முடித்துவிட்டு அழுதாள். ஆபரேஷன் முடிந்து கிடந்த நாளிலும் என் முன்னால் அழாதவள்.

 அவள் சிரித்துக்கொண்டே வந்தது எதற்கு என்று ஆறு நாளும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கேட்கவுமில்லை. வலியைக் குறைப்பதாக நினைத்துக்கொண்டு, வலி போகிற சுற்றை நான் வெட்டியிருக்கிறேன். அவள் தன் காலைச் சோதித்துக்கொண்டிருந்தாள். நான் மதிப்பெண்ணைத் திருத்திப் போட்டிருக்கிறேன், அதுவும் அவளைத் தோற்கடிக்கிற மாதிரி. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாம் நாள் இரண்டு, எட்டாம் நாள் மூன்று.

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவள் கேட்டது வேறு.

"அப்ப என் கால் நல்லாத்தான் இருக்கா?"

நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அவள் அந்தத் தாளை எடுத்து நாலாக மடித்துக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தத் தொடங்கினாள். திட்டு அதற்குப் பிறகுதான் வந்தது, குதிகால் ஏறி இறங்குகிற தாளத்திலேயே. அன்னைக்குக் கம்பி உருளையைக் கட்டுனியளே, அப்பவும் எனக்கு எவ்வளவு முடியும்னு நீங்கதான் முடிவு பண்ணினிய, இப்பவும் நீங்கதான் முடிவு பண்ணியிருக்கிய, கால் யாருடையது என்று கேட்டாள். 

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். பன்னிரண்டோடு விட்டுப்போன ஐந்தையும் சேர்த்துப் பதினேழு நடக்கப்போகிறாள், நடக்கலாமா என்று கேட்டேன். விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து தண்ணீர் குடிக்கட்டும், முழங்கால் வீங்கினால் நிறுத்தட்டும், மற்றதை அக்காவின் காலே சொல்லும் என்றார். அண்ணாச்சி, நீங்கள் மோட்டாரை மட்டும் பாருங்கள் என்றும் சொன்னார்.

அன்றைக்குக் கடை திறக்கவில்லை. மதியம் மூன்று மணிக்கே கோயிலுக்குப் போய்விட்டோம். இனி எண்ணுவதற்கு என்னை நம்ப மாட்டாள் என்று நட்டுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பதினேழு புளியங்கொட்டையை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீங்கதான் எண்ணணும். உள்ளதை உள்ளபடி எண்ணுங்க."

என் வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் டர்ன் சுற்றியிருக்கிறேன். அந்தப் பதினேழு போல எதையும் எண்ணியதில்லை. தபசுக்கு முந்தின நாளாகையால் கூட்டம் நெரிந்தது. நான் கழுத்தை நீட்டி அவள் சேலை நிறத்தைத் தேடிக்கொண்டே இருந்தேன். ஐந்தில் ஒருமுறை உட்கார்ந்தாள். எட்டில் முகம் சுருங்கியது. ஒன்பதில் கால் நன்றாகவே இழுத்தது, ஆனாலும் ஒன்பது என்றுதான் சொன்னேன். பத்தில் உதட்டைக் கடித்தபடி போனாள். உதவிக்கு எழுந்து ஓடாமலிருக்கக் கல்லை இறுகப் பிடித்துக்கொண்டேன். சும்மா உட்கார்ந்திருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

பதினோராவது சுற்று முடிந்து அவள் திரும்பி வந்தாள். நான் எண்ணைச் சொல்ல மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் இறங்கியிருந்தது. தாடை தளர்ந்திருந்தது. கால் இழுப்பது நின்றிருந்தது. அவள் என்னைப் பார்த்து, "சொல்லுங்க" என்றாள். பதினொன்று என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். ஆறு நாளும் நான் பார்த்த அதே சிரிப்பு. அதற்கு அர்த்தம் தெரிந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

பன்னிரண்டு முடிந்து இரண்டாம் தடவையாக உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன், வீக்கமில்லை. பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. வெயில் தாழ்ந்து காற்று குளிர்ந்தது. பதினாறில் அவளோடு யாரோ ஒரு பெண் பேசிக்கொண்டே வந்தாள், இவள் பதில் சொல்லிக்கொண்டே நடந்தாள், மூச்சு வாங்கவில்லை. கடைசிப் புளியங்கொட்டையைக் கல்லில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"பதினேழு. முடிஞ்சுது" என்றேன். தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினேன்.

அவள் நிற்கவில்லை. என்னைத் தாண்டி நடந்தாள்.  தப்பாக எண்ணிவிட்டேனா என்று கல்லைப் பார்த்தேன். பதினேழும் இருந்தது. "ஏட்டி, எங்க போற? முடிஞ்சாச்சு" என்று பின்னாலேயே போனேன்.

அவள் நடந்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

"தெரியும். இது சும்மா. நடக்க நல்லாருக்கு."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் மூலைக்கே திரும்பி வந்து, சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் சுற்றி வருவதற்குள் அழுது முடித்துவிட வேண்டும்.